அத்தை பெயரில் யாரோ கட்டில் வாங்கியிருக்கிறார்கள் – எங்கிருந்து தொடங்குவது?

மிட்ராண்ட் மாறன் – செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

என் மனைவியின் அம்மா டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கிறார். மாமா போன வருடம் காலமானார். நேற்று ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து அத்தைக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஒரு ஃபர்னிச்சர் கடையில் படுக்கையறை செட்டும் ஃப்ரிட்ஜும் தவணையில் வாங்கிவிட்டு மாதக்கணக்கில் கட்டவில்லையாம். பாக்கி 31,000 ராண்டுக்கு மேல். கடை இருப்பது லிம்போபோ மாகாணத்துப் பொலொக்வானேயில். அத்தை லிம்போபோ பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கல்யாணத்தின்போது வாங்கிய கட்டிலில்தான் இன்னும் படுக்கிறார்.

கடிதத்தின் தலையில் 'செக்‌ஷன் 129' என்று போட்டிருக்கிறது. அத்தை பயந்துபோய், தெருவில் தெரிந்தால் மானம் போகும், பென்ஷனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன் என்கிறார். பக்கத்து வீட்டு ஆண்ட்டியோ இதெல்லாம் ஏமாற்று வேலை, குப்பையில் போடு என்கிறார். நான் வார இறுதியில்தான் போக முடியும். அதுவரை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

கணக்குப்பிள்ளை, மாரிட்ஸ்பர்க்

தம்பி, கட்டவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம்.

நூறு ராண்ட் கட்டினாலும் 'கடன் என்னுடையதுதான்' என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் நான் வாங்கவில்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? பேசாமல் இருந்தாலும் ஆபத்துதான். 129 கடிதம் என்பது தேசியக் கடன் சட்டப்படி வழக்குக்கு முன்னால் கட்டாயம் அனுப்ப வேண்டிய அறிவிப்பு. அது கையில் சேர்ந்து பத்து வேலை நாள் கழிந்தால் அவர்கள் சம்மன் எடுக்கலாம். சம்மனுக்கும் பதில் இல்லை என்றால் அத்தை கோர்ட் வாசலை மிதிக்காமலே அவருக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிவிடலாம். அந்தத் தீர்ப்பு அவருடைய கடன் வரலாற்று அறிக்கையில், அதாவது கிரெடிட் ரிப்போர்ட்டில், ஐந்து வருடம் நிற்கும். மோசடி என்று பிறகு தெரிந்தாலும் தீர்ப்பை ரத்து செய்வதற்குத் தனியாக ஒரு அலைச்சல், தனியாக ஒரு செலவு.

அதற்கு முன்னால் கடிதம் நிஜமா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, போலி வக்கீல் கடிதமும் வருகிறது. கடிதத்தில் உள்ள நம்பருக்குப் போன் போடாதீர்கள். அந்த வக்கீல் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பார்த்து, அலுவலக நம்பரை நீங்களே தனியாகத் தேடி எடுத்துப் பேசுங்கள். பேசும்போது 'சரிபார்க்க வேண்டும், ஐடி நம்பர் சொல்லுங்கள்' என்பார்கள். கோப்பு எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

நிஜம் என்றால் இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். இந்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, பொருளும் வாங்கவில்லை, கடனை மறுக்கிறேன். ஒப்பந்தத்தின் நகல், அதோடு கொடுத்த ஐடி நகல், சம்பளச் சீட்டு, பொருளை இறக்கியபோது வாங்கிய கையெழுத்து எல்லாவற்றையும் அனுப்புங்கள். அவ்வளவுதான். அனுப்பிய தேதியோடு பத்திரமாக வையுங்கள்.

மெரிபேங்க் மீனாட்சி

மாறன், முதலில் அந்தக் கடிதம் அத்தைக்குத்தான் வந்ததா என்று பாருங்கள். பெயரை நம்பாதீர்கள், ஐடி நம்பரைப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் எஸ். கோவெண்டர் எத்தனை பேர், கே. நாயுடு எத்தனை பேர் என்று யாராலும் எண்ண முடியாது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் பாட்டன் பூட்டன் பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதி, அதுவே குடும்பப் பெயராக நிலைத்து, ஒரு தெருவுக்குள் ஒரே எழுத்து, ஒரே பெயர் என்று பத்து வீடு இருக்கும். கடன் வசூலிக்கிறவர்களுக்கு ஆளைத் தேடிக் கொடுக்கும் ட்ரேசிங் ஏஜென்டுகள் பெயரையும் ஊரையும் வைத்து ஏதோ ஒரு விலாசத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சரின் குடும்பப் பெயர் பிள்ளை, அதே பெயருள்ள வேறொரு வீட்டுக் கார் கடனுக்காக அவருக்குப் பல மாதம் போன் வந்துகொண்டிருந்தது. அது திருட்டே இல்லை, வெறும் ஆள் மாறாட்டம். அதற்குத் தீர்வும் வேறு, கோபப்பட வேண்டிய ஆளும் வேறு.

மிட்ராண்ட் மாறன்

டீச்சரம்மா, வீடியோவில் அத்தையைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். 13 இலக்கமும் அவருடையதுதான். ஆனால் கைபேசி எண் வேறு, வேலை செய்யும் இடம் என்று ஒரு பள்ளிச் சமையலறையைப் போட்டிருக்கிறார்கள். அத்தை வேலைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னபடி அலுவலகத்தைத் தனியாகத் தேடிப் பேசினேன். கடிதம் நிஜம். மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன்.

என் மனைவிக்கு ஒரே கேள்விதான். அம்மா ஐடி நம்பரை யாருக்கும் கொடுக்க மாட்டார், ஐடி புத்தகம் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. பின்னே எப்படிப் போனது?

பிரிட்டோரியா பாரி

நம்பர் பீரோவில் இல்லை, அதுதான் விஷயம். இந்த நாட்டில் எல்லோருடைய ஐடி நம்பரும் வெளியே கிடக்கிறது.

2017 அக்டோபரில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் சர்வர் பூட்டில்லாமல் திறந்து கிடந்தது. 6 கோடிக்கு மேல் ஐடி எண்கள், இறந்துபோனவர்கள், குழந்தைகள் உட்பட. 2020 ஆகஸ்டில் எக்ஸ்பீரியன் என்ற கிரெடிட் பியூரோ. அங்கே யாரும் ஹேக்கிங்கூடச் செய்யவில்லை. ஒருவன் வாடிக்கையாளர் மாதிரி நடித்துக் கேட்டான், 2.4 கோடிப் பேர் விவரத்தைக் கொடுத்துவிட்டார்கள். 2022 மார்ச்சில் ட்ரான்ஸ்யூனியன், உள்ளே புகுந்தவர்கள் 1.5 கோடி டாலர் கேட்டார்கள். நம் கடன் வரலாற்றைக் காப்பாற்ற வேண்டிய இரண்டு பியூரோக்கள் இவை.

அதை விடுங்கள், அந்த எண் ரகசியமாக இருக்கும்படி அமைக்கப்பட்டதே இல்லை. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த நாலு 5000-க்குக் கீழே இருந்தால் பெண், அதற்கு மேல் ஆண். பதினொன்றாவது, குடிமகனா நிரந்தரக் குடியிருப்பாளரா என்பது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. 1980-களின் பாதி வரை இதே எண்ணுக்குள் இனத்தையும் குறித்துவைத்திருந்தார்கள், அது தனிக் கதை. பிறந்த நாள் வாழ்த்தை ஃபேஸ்புக்கில் பார்த்தவனுக்குப் பாதி எண் கையில். 2024-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்கள் இருவர் இப்படி எண்களை எடுத்து, அரசு உதவித்தொகை வழங்கும் சாஸாவின் தளத்தில் தட்டிப் பார்த்தார்கள். 350 ராண்ட் என்று பேர்பெற்ற உதவித்தொகைக்குத் தாங்கள் விண்ணப்பிக்காமலே தங்கள் பெயரில் விண்ணப்பம் இருந்தது, தங்கள் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் பெயரிலும் இருந்தது. பாராளுமன்றக் குழு வரை போய் விளக்கினார்கள்.

அதனால் 'ஐடி நம்பரைக் கொடுக்காதே' என்று வாட்ஸாப்பில் வரும் புத்திமதியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எண்ணைக் கேட்டவுடனே கடன் கொடுக்கிற கடையைத்தான் கேட்க வேண்டும்.

ஃபீனிக்ஸ் தங்கம்

பாரி அண்ணா, அப்படியானால் எல்லோரும் நம்பரைச் சுவரில் எழுதி வைத்துவிடலாமா?

பிரிட்டோரியா பாரி

வேண்டாம் தங்கம். ஆனால் எழுதி வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது என்கிறேன்.

சாட்ஸ்வொர்த் சரவணன்

நான் கைபேசிக் கடையில் வேலை பார்த்தவன். பாரி சொல்வது பாதி சரி. நம்பர் மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் கடையில் ஒன்றும் செய்ய முடியாது. நம்பரோடு கூட வரும் மற்ற தாள்கள்தான் ஆபத்து.

கடையில் தவணைக் கணக்குத் திறக்க என்ன கேட்கிறார்கள்? ஐடி நகல், விலாசத்துக்கு ஒரு பில், மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட் அல்லது சம்பளச் சீட்டு. பச்சை ஐடி புத்தகத்தின் நல்ல நகல் ஒன்று கிடைத்தால் போட்டோவை மட்டும் மாற்றுவதற்கு ஆள் இருக்கிறது. சம்பளச் சீட்டைத் தெருமுனை இன்டர்நெட் கடையிலேயே அடித்துவிடுவார்கள். கைபேசி எண் என்ற இடத்தில் திருடன் தன் எண்ணைப் போடுவான், ஓடிபி அவனுக்கே வரும், கடைக்காரன் 'சரிபார்த்தாச்சு' என்று டிக் போடுவான். மாறன் அண்ணன் சொன்ன வேறு கைபேசி எண் இதுதான். விற்றால்தான் கமிஷன் என்றிருக்கிற பையன் அதற்கு மேல் தோண்ட மாட்டான்.

கைரேகையை வைத்து உள்துறையின் பதிவோடு ஒப்பிடும் வசதி வங்கிகளில் இருக்கிறது. சின்னக் கடைகளில் அது கிடையாது. 2025 ஜூலையிலிருந்து உள்துறை அந்த ஆன்லைன் சரிபார்ப்புக்கு ஒரு தடவைக்கு 15 சென்டிலிருந்து 10 ராண்ட் என்று ஏற்றிவிட்டது. இனி கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சரிபார்ப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

புதிய உறுப்பினர் 88

பாரி அண்ணன் சொன்ன கணக்கை என் நம்பரில் போட்டுப் பார்த்தேன், கடைசி இலக்கம் வரவில்லை. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்: [நீக்கப்பட்டது]

நிர்வாகி

மேலே இருந்த 13 இலக்கத்தை எடுத்துவிட்டேன். பாரி, சிரிக்காதீர்கள்.

மெரிபேங்க் மீனாட்சி

நகல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். யாரையும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது உணவுப் பொட்டலம், மெத்தை, போர்வை கொடுத்த இடங்களில் எல்லாம் ஐடி நகல் கேட்டார்கள். கோயில், சங்கம், கவுன்சிலர் அலுவலகம், எல்லா இடத்திலும். வீட்டை இழந்து நிற்கிறவர்களிடம் நகல் வாங்கி அட்டைப் பெட்டியில் போட்டார்கள். அந்தப் பெட்டிகள் இன்று எங்கே? ஒரு இடத்தில் பயனாளிகள் பட்டியலை ஐடி நம்பரோடு படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டதை நானே பார்த்தேன்.

ஃபீனிக்ஸ் தங்கம்

டீச்சரம்மா, நான் ஒரு கோயில் கமிட்டியில் இருப்பவள். சும்மா வாங்கவில்லை. உதவி கொடுத்த கம்பெனிகள் 'யாருக்குப் போனது என்று கணக்குக் காட்டு' என்றார்கள். காட்டாவிட்டால் அடுத்த வருடம் தீபாவளி ஹாம்பருக்கு ஒரு பை அரிசி வராது. அதோடு 2023 மார்ச்சிலிருந்து நன்கொடைக்கு வரிச் சலுகைக்கான 18ஏ ரசீது கொடுக்க வேண்டுமென்றால் கொடுத்தவரின் ஐடி நம்பரை வாங்கி வரித்துறைக்குத் தர வேண்டும். நாங்கள் ஆசைப்பட்டுச் சேர்க்கவில்லை, கேட்கிறார்கள், சேர்க்கிறோம்.

கணக்குப்பிள்ளை, மாரிட்ஸ்பர்க்

தங்கம் சொல்வது நியாயம். 18ஏ-க்கு எண் வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் அது நன்கொடை கொடுப்பவரின் எண், அதுவும் எண் மட்டும், நகல் இல்லை. அரிசிப் பை வாங்குகிற ஆயாவின் ஐடியை ஏன் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்? பெயர், கையெழுத்து, பை வாங்கும் படம் போதும் என்று நன்கொடையாளரிடம் சொல்லிப் பாருங்கள். நாங்கள் சொன்னோம், ஒத்துக்கொண்டார்கள். தனிநபர் தகவலைக் காக்கும் பாப்பியா சட்டமும் அதையே கேட்கிறது, காரியத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கு, தேவை முடிந்தால் அழி. கோயிலுக்கும் அது பொருந்தும். ஆடிக் கூழ் ஊற்றும் பட்டியலுக்குக்கூடப் பொருந்தும்.

நகல் கொடுத்தே தீர வேண்டிய இடத்தில் நகலின் குறுக்கே, முகத்தையும் எண்ணையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி, 'இன்ன வீட்டு வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று பேனாவால் எழுதித் தேதி போடுங்கள். போலீஸ் நிலையத்தில் காசில்லாமல் சான்றிட்டுத் தருகிறார்கள், அதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

மிட்ராண்ட் மாறன்

இது எங்களைப் போல ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் பொருந்தும். வாடகை வீடு தேடும்போது பாஸ்போர்ட், வொர்க் விசா, சம்பளச் சீட்டு, மூன்று மாத ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் பார்த்தே இராத ஏஜென்டுக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிறோம். வீடு கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டு அவர் போனிலேயே இருக்கும். பாரி சொன்ன 2017 கதை ரியல் எஸ்டேட் நிறுவனத்திலிருந்து என்றதும் எனக்கு வயிற்றில் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கணக்குப்பிள்ளை, மாரிட்ஸ்பர்க்

மாறன், ஒரு கேள்வி. மாமா விட்டுப்போன சொத்தை, அதாவது எஸ்டேட்டை, நிர்வகிக்க எக்ஸிகியூட்டர் போட்டிருக்கிறார்களா? வீடு அவர் பெயரிலா? அவர்கள் கல்யாணம் சொத்து இருவருக்கும் பொது என்ற முறையிலா?

மிட்ராண்ட் மாறன்

மூன்றுக்கும் ஆமாம் அண்ணா. ஏன்?

கணக்குப்பிள்ளை, மாரிட்ஸ்பர்க்

எஸ்டேட் இரண்டரை லட்சம் ராண்டுக்கு மேல் போனால் இறந்தவர் சொத்தை மேற்பார்க்கும் மாஸ்டர் அலுவலகம் எக்ஸிகியூட்டரை நியமிக்கும். எக்ஸிகியூட்டர் முதலில் செய்ய வேண்டியது, கடன் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் 30 நாளுக்குள் சொல்லுங்கள் என்று அரசு கெஸட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் போடுவது. ஜே193 என்பார்கள். அந்தப் படிவத்தில் இறந்தவரின் முழுப் பெயர், பிறந்த தேதி, ஐடி நம்பர், கடைசி விலாசம், இறந்த தேதி எல்லாம் உண்டு. சொத்து பொது என்ற கல்யாணமாக இருந்தால், உயிரோடு இருக்கும் துணைவரின் பெயர், பிறந்த தேதி, ஐடி நம்பரும் அதே வரியில். பல வருடத்துக் கெஸட்டுகள் இணையத்தில் இலவசம்.

யோசித்துப் பாருங்கள். வயதான பெண், புதிதாக விதவை, வீடு சொந்தம், விலாசம் இதோ, ஐடி நம்பர் இதோ. சட்டமே அச்சடித்துக் கொடுக்கிறது. உங்கள் அத்தை விஷயத்தில் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை, அதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஐடி புத்தகம் புடவைக்கு அடியில்தானே இருந்தது என்று உங்கள் மனைவி தன் அம்மாவைத் துளைத்து எடுக்க வேண்டாம்.

இந்த வேலையில் இருந்துகொண்டு நான் பார்த்தவரை, வீட்டில் ஒரு சாவு விழுந்தால் துஷ்டி கேட்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் கருமாதிக்கு முன்பே அந்த அம்மாவின் பெயரைத் தடுப்புப் பட்டியலில் ஏற்றிவிடுவது நல்லது. மோசடித் தடுப்புச் சேவை என்று ஒன்று இருக்கிறது, எஸ்ஏஎஃப்பிஎஸ். அங்கே 'பாதுகாப்புப் பதிவு' இலவசம். அதில் உறுப்பினராக உள்ள வங்கியோ கடையோ அந்த ஐடி நம்பரில் கடன் விண்ணப்பம் வந்தால் எச்சரிக்கையைப் பார்க்கும், கூடுதலாக விசாரிக்க வேண்டியிருக்கும். நாளைக்கு அத்தையே ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கப் போனாலும் கொஞ்சம் குடைவார்கள். குடையட்டும்.

பிரிட்டோரியா பாரி

இது எனக்கே புதுசு, கெஸட் விஷயம். என் வாதத்துக்கு வலு சேர்த்ததற்கு நன்றி. ஒரு கையால் பாப்பியா, இன்னொரு கையால் ஜே193.

பாப்பியா பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டம் 2013-இல் வந்தது, முழுதாக அமலுக்கு வந்தது 2021 ஜூலையில். அதன்படி முதல் அபராதம் 2023-இல், 50 லட்சம் ராண்ட். யாருக்கு? நீதித் துறைக்கு! 2021 செப்டம்பரில் அவர்கள் கணினிகள் முடக்கப்பட்டன. ஆன்டிவைரஸ் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். அரசு அரசுக்குக் கட்டும் அபராதம், பணம் நம்முடையது.

மிட்ராண்ட் மாறன் – அடுத்த திங்கள்

டர்பன் போய் வந்தாயிற்று. எழுத நிறைய இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வக்கீல் அலுவலகம் ஒப்பந்த நகலை அனுப்பியது. ஐடி நகலில் எண்ணும் பெயரும் அத்தையுடையது, முகம் வேறு யாரோ. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அழகான ஆங்கிலக் கையெழுத்து. அத்தை சின்ன வயதில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், பாங்கில் கணக்குத் திறந்த நாளிலிருந்து தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறார்! என் மனைவி அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள்.

சனிக்கிழமை காவல் நிலையம். அங்கே இருந்தவர் இது சிவில் விஷயம், கடையோடு பேசிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். அஃபிடவிட் மட்டும் போட்டுக் கொடுத்தார். கேஸ் எண் தர மாட்டேன் என்றார்.

அப்புறம் கிரெடிட் ரிப்போர்ட். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பியூரோவிடமும் இலவசமாகக் கேட்கலாம் என்று இங்கே பழைய இழையில் படித்திருந்தேன். ஒரு பியூரோவில் இந்தக் கடை மட்டும். இன்னொன்றில் இதோடு ஒரு கைபேசி ஒப்பந்தமும் இருக்கிறது, அத்தைக்குத் தெரியாமல்.

கணக்குப்பிள்ளை, மாரிட்ஸ்பர்க்

தமிழ்க் கையெழுத்து! பாங்கிடம் பழைய மாதிரிக் கையெழுத்துச் சான்று ஒன்று கேட்டு வாங்கி அஃபிடவிட்டோடு வையுங்கள். அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கேஸ் எண் வாங்காமல் விடாதீர்கள். கடன் சிவில், ஆனால் போலி ஐடி கொடுத்து ஏமாற்றியது கிரிமினல். அந்த வேறுபாட்டைச் சொல்லி, ஒப்பந்தத்தின் நகலை மேஜையில் வைத்து, நிலையப் பொறுப்பதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலை நாள் காலையில் போனால் சனிக்கிழமையை விடக் காது கொடுப்பார்கள். எஸ்ஏஎஃப்பிஎஸ்ஸில் 'பாதிக்கப்பட்டவர்' என்று பதிய அந்த எண் கேட்பார்கள்.

பியூரோ இரண்டிலும் எழுத்தில் தகராறு போடுங்கள். 20 வேலை நாளுக்குள் அவர்கள் ஆதாரம் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் அந்தப் பதிவை நீக்க வேண்டும். ஒரு பியூரோவில் எடுத்தால் மற்றதில் தானாகப் போகாது. இழுத்தடித்தால் தேசிய நிதி ஒம்புட், அதாவது புகாரை விசாரிக்கும் நடுவர் அமைப்பு. முன்பு கடனுக்கு ஒரு ஒம்புட், வங்கிக்கு ஒரு ஒம்புட் என்று இருந்தது, 2024 மார்ச்சிலிருந்து ஒன்றாகிவிட்டது. புகாருக்குக் காசில்லை.

ஃபீனிக்ஸ் தங்கம்

அத்தைக்கு இன்னொரு கல்யாணம் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யாரோ குடியுரிமைக்காகப் பதிவேட்டில் கல்யாணம் பண்ணிவைத்துவிட்டுப் போன பெண்கள் இருக்கிறார்கள். நிஜக் கல்யாணத்துக்குப் போய் நிற்கும்போதுதான் தெரியும். எம் என்ற எழுத்தையும் அதோடு ஐடி நம்பரையும் 32551-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் உள்துறையின் பதிவில் என்ன இருக்கிறது என்று பதில் வரும்.

மிட்ராண்ட் மாறன்

அனுப்பினோம். விதவை என்றே வந்தது. அத்தை சொன்னார்: "புது மாப்பிள்ளை யாராவது இருந்திருந்தால் அந்தக் கட்டிலையாவது இங்கே கொண்டுவந்து போடச் சொல்லியிருப்பேன்."

சாட்ஸ்வொர்த் சரவணன்

அத்தை சூப்பர்.

அண்ணா, பாங்க் ஸ்டேட்மென்டையும் ஒரு பார்வை பாருங்கள். 99 ராண்ட், 89 ராண்ட் என்று தெரியாத பெயரில் டெபிட் ஆர்டர், அதாவது மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகை, போகிறதா? நூறுக்குக் கீழே என்றால் எஸ்எம்எஸ் வராது என்று தெரிந்தே அந்தத் தொகையை வைப்பார்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் கணக்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாங்க் ஆப்பிலேயே தகராறு என்று அழுத்தித் திருப்பலாம்.

ஐடியையும் மாற்றுங்கள். பச்சைப் புத்தகத்தை விட்டு ஸ்மார்ட் கார்டு. 140 ராண்ட், சில பாங்க் கிளைகளிலேயே உள்துறைக் கவுன்டர் இருக்கிறது, விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டாம்.

பிரிட்டோரியா பாரி

கார்டு மாறினாலும் எண் அதேதான், நினைவிருக்கட்டும். போலி பண்ணுவது மட்டும் கஷ்டமாகும்.

சாட்ஸ்வொர்த் சரவணன்

அது போதும் எனக்கு. ஆமாம், முக்கியமான ஒன்றைக் கேட்கவில்லையே. அத்தையின் பாங்க் ஓடிபி எந்த நம்பருக்கு வருகிறது? அந்த சிம் யார் பெயரில் ரீக்கா (சிம் பதிவு) பண்ணியிருக்கிறது?

மிட்ராண்ட் மாறன்

கேட்டுவிட்டு வருகிறேன்.

சிம் மாமா பெயரில். குடும்பத்துக்கே மாமாதான் ஒப்பந்தம் போட்டிருந்தார். எக்ஸிகியூட்டர் அடுத்த மாதம் மாமாவின் கணக்குகளை எல்லாம் மூடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

சாட்ஸ்வொர்த் சரவணன்

அப்படியானால் இதை முதலில் செய்யுங்கள், கட்டிலை அப்புறம் பார்க்கலாம். ஒப்பந்தம் மூடினால் நம்பர் செத்துவிடும். கொஞ்ச காலம் சும்மா வைத்திருந்துவிட்டு நெட்வொர்க் அதே நம்பரைப் புது ஆளுக்கு விற்கும். பாங்கில் பழைய நம்பர் அப்படியே இருந்தால் அத்தையின் ஓடிபி யாரோ ஒரு அப்பாவியின் போனில் விழும். அப்பாவியாக இருந்தால் பரவாயில்லை.

நடுவில் யாராவது அந்த நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ள, அதாவது சிம் ஸ்வாப் செய்ய, முயன்றாலும் அத்தையால் புகார் கொடுக்க முடியாது, சிம் அவருடையது இல்லையே. இறந்தவர் பெயரில் உள்ள சிம்மை மாற்ற ஒரு போலி ஐடி போதும், உண்மையான சொந்தக்காரர் வந்து கேட்கப்போவதில்லை. போனில் திடீரென்று சிக்னல் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றால் உடனே வேறு போனிலிருந்து பாங்கைக் கூப்பிட வேண்டும் என்று அத்தையிடம் சொல்லி வையுங்கள். அந்த பாங்க் நம்பரைப் போனில் மட்டும் வைக்காமல் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

மிட்ராண்ட் மாறன்

பெயர் மாற்ற என்னென்ன தாள் வேண்டும்?

சாட்ஸ்வொர்த் சரவணன்

மாமாவின் இறப்புச் சான்றிதழ், எக்ஸிகியூட்டருக்கு மாஸ்டர் கொடுத்த நியமனக் கடிதம், அத்தையின் ஐடி, அவர் பெயரில் விலாசத்துக்கு ஒரு பில். பில் மாமா பெயரில்தான் வருகிறது என்றால் அத்தை அங்கே குடியிருப்பதாக ஒரு அஃபிடவிட். எக்ஸிகியூட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்த நம்பரை மூடாமல் அத்தை பெயருக்கு மாற்றித் தரும்படி கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள். மாற்றியதும் பாங்கில் சொல்லி எஸ்எம்எஸ் ஓடிபியை நிறுத்திவிட்டு ஆப்புக்கு மாற்றிவிடுங்கள். அத்தைக்கு ஆப் வருமா?

மிட்ராண்ட் மாறன்

பேரன் கேண்டி கிரஷ் சொல்லிக்கொடுத்து இப்போது அவனையே தோற்கடிக்கிறார். ஆப் வரும். எக்ஸிகியூட்டருக்கு இப்போதே எழுதுகிறேன். கேஸ் எண்ணுக்கு மனைவி நாளைக் காலை போகிறாள்.